நீண்டகாலக் கஞ்சாப் பழக்கம் மூளையை என்ன செய்கிறது? அதை எப்படி அளக்கிறார்கள்?

கஞ்சா மூளையைத் தின்றுவிடும் என்பார் ஒருவர். வெறும் செடிதானே என்பார் இன்னொருவர். இருவருமே "ஆராய்ச்சியிலேயே வந்திருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். அந்த ஆராய்ச்சி எதை அளந்தது, எப்போது அளந்தது, யாரோடு ஒப்பிட்டது என்று கேட்டால் பாதிச் சண்டை அடங்கிவிடும். இந்தப் பக்கம் அதற்காகத்தான்.

கஞ்சா மூளையில் எங்கே போய் வேலை செய்கிறது?

கஞ்சாவில் போதை தருவது டிஎச்சி என்ற பொருள். 1964-இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அது மூளையில் எதில் ஒட்டுகிறது என்பது தெரிய 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நரம்பணுக்களின் மேலுள்ள அந்த ஏற்பிக்கு சிபி1 என்று பெயர். 1992-இல், உடலே சுரக்கும் அனந்தமைடு என்ற பொருளும் அதே ஏற்பியில்தான் ஒட்டுகிறது என்று தெரிந்தது.

இயல்பாக நடப்பது இது: செய்தியைப் பெறும் நரம்பணு, "போதும், கொஞ்சம் குறைத்துக்கொள்" என்று அனுப்பும் நரம்பணுவுக்கே ஒரு பதில் அனுப்புகிறது. அந்தப் பதிலைச் சுமப்பவைதான் அனந்தமைடு போன்ற பொருள்கள். தேவைப்பட்ட இடத்தில் மட்டும் சுரந்து சீக்கிரம் கரைந்துவிடும். டிஎச்சி அப்படியில்லை. சிபி1 இருக்கும் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் போய் உட்கார்ந்து, நெடுநேரம் இருக்கும்.

நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ், உடலசைவைச் சீராக்கும் சிறுமூளை, திட்டமிடும் முன்நெற்றிப் புறணி (நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளையின் மேலடுக்கு) ஆகிய இடங்களில் சிபி1 நிறைய உண்டு. போதையில் இருப்பவருக்கு ஐந்து நிமிடத்துக்கு முன் பேசியது மறந்துபோவது இதனால்தான். மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டில் இந்த ஏற்பிகள் குறைவு. ஹெராயின் போல அளவு மீறினால் மூச்சு நின்றுபோவது கஞ்சாவில் நடக்காததற்கு முக்கியக் காரணம் அது.

"நீண்டகாலப் பழக்கம்" என்றால் எவ்வளவு காலம்?

எல்லாரும் ஒப்புக்கொண்ட வரையறை எதுவும் இல்லை. ஓர் ஆய்வு, வாழ்நாளில் 1,000 தடவைக்கு மேல் பிடித்தவரைத் தீவிரப் பயனர் என்கிறது. இன்னொன்று, பல வருடங்களாகத் தினமும் பிடிப்பவரைச் சேர்க்கிறது. மற்றொன்று, அடிமை நிலை என்று மருத்துவர் கண்டறிந்தவரை மட்டும் எடுக்கிறது. இந்த மூன்று கூட்டமும் ஒன்றல்ல.

அளவு இன்னும் பெரிய தலைவலி. அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவில் 1995-இல் டிஎச்சி ஏறக்குறைய 4 சதவீதம் இருந்தது. 2014-இல் அது 12 சதவீதத்தைத் தொட்டது. ஆக, "தினமும் ஒன்று" என்பதற்கு இரண்டு காலத்தில் இரண்டு பொருள். மதுவுக்கு ஒரு நிலையான அளவு இருப்பதுபோல இதற்கும் வேண்டும் என்று, 5 மில்லிகிராம் டிஎச்சியை ஓர் அலகாக வைக்கச் சொல்லி 2021-இல் அமெரிக்கத் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் அறிவித்தது. அதற்கு முந்தைய ஆய்வுகள் பெரும்பாலும், வருபவர் நினைவிலிருந்து சொன்ன கணக்கைத்தான் நம்பின. நினைவு மங்குகிறதா என்று சோதிக்க வந்தவரிடமே, கடந்த பத்து வருடக் கணக்கை நினைவிலிருந்து சொல்லச் சொல்வது! கருவிகள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஆனால் இந்தத் துறையின் பலவீனமான கண்ணி இன்னமும் இதுதான் என்பது என் எண்ணம்.

மூளையின் செயல்பாட்டை அளக்க என்னென்ன கருவிகள் உண்டு?

மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது ஈஈஜி. தலையில் மின்முனைகளை வைத்து மூளையின் மின் அலைகளைப் பதிவது. ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் முதன்முதலில் மனிதரிடம் இதைச் செய்தார். பழையது, மலிவானது, ஆனால் வேகத்தில் இதை மற்ற இரண்டும் நெருங்க முடியாது; மில்லிநொடிக் கணக்கில் நடப்பதையும் பிடித்துவிடும். அந்த அலை மூளைக்குள் எங்கிருந்து கிளம்பியது என்று துல்லியமாகச் சொல்வதுதான் கடினம்.

இரண்டாவது எஃப்எம்ஆர்ஐ. வேலை செய்யும் மூளைப்பகுதிக்கு ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் கூடுதலாகப் பாயும். ஆக்சிஜன் உள்ள இரத்தமும் இல்லாத இரத்தமும் காந்தப் புலத்தில் வேறுவிதமாக நடந்துகொள்ளும். 1990-இல் செய்ஜி ஒகாவா இந்த வேறுபாட்டைப் படமாக்கலாம் என்று காட்டினார். இடம் மில்லிமீட்டர் கணக்கில் தெரியும். நேரம் மட்டும் நொடிக்கணக்கில் பின்தங்கும்.

மூன்றாவது பெட் ஸ்கேன். மிகச் சிறிய அளவு கதிரியக்கப் பொருளை இரத்தத்தில் செலுத்தி, அது எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்ப்பது. சிபி1 ஏற்பியில் மட்டும் ஒட்டும் பொருளைச் செலுத்தினால், உயிருள்ள மனிதரின் மூளையில் அந்த ஏற்பிகள் எவ்வளவு இருக்கின்றன என்றே மதிப்பிடலாம். கதிரியக்கம் என்பதால் ஒருவருக்குத் திரும்பத் திரும்ப எடுக்க முடியாது; செலவும் மிக அதிகம். அதனால் பெட் ஆய்வுகளில் ஆட்கள் எப்போதும் குறைவு.

எஃப்எம்ஆர்ஐ இரத்தத்தைத்தானே பார்க்கிறது? கஞ்சா இரத்த ஓட்டத்தையே மாற்றிவிடாதா?

மாற்றும். இதயத் துடிப்பைக் கூட்டும், இரத்தக் குழாய்களையும் பாதிக்கும். ஒரு வீட்டில் எவ்வளவு சமைக்கிறார்கள் என்பதை எரிவாயுச் செலவை வைத்துக் கணிப்பது போன்றது எஃப்எம்ஆர்ஐ. குழாயிலேயே அழுத்தம் மாறிவிட்டால் கணக்கு தவறும். இதனால் கவனமான ஆய்வாளர்கள் ஓய்வு நிலையில் இரத்த ஓட்டத்தைத் தனியாக அளந்து கழித்துப் பார்க்கிறார்கள், அல்லது ஈஈஜியையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஈஈஜி மின்சாரத்தை நேரடியாகப் பார்ப்பதால் அதில் இந்தத் தொல்லை இல்லை.

மூளை அலைகளில் என்ன தெரிந்தது?

எதிர்பாராத ஓர் ஒலி கேட்டால், ஏறக்குறைய 300 மில்லிநொடி கழித்து ஈஈஜியில் ஓர் எழுச்சி வரும். அதற்கு பி300 என்று பெயர். "இதைக் கவனித்தேன்" என்று மூளை குறித்துக்கொள்வதன் அடையாளம் என்று வைத்துக்கொள்ளலாம். டிஎச்சி கொடுத்தவுடன் அளந்தால் இந்த எழுச்சி சிறுத்துவிடுகிறது. அது போதையின் விளைவு, அதில் பெரிய சர்ச்சை இல்லை.

நீண்டகால விளைவுக்கு வருவோம். 1990-களில் ஆஸ்திரேலியாவில் நாடியா சோலோவிஜ், போதையில் இல்லாத நேரத்தில் பயனர்களை அளந்து ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கண்டார். அடிக்கடி பிடிப்பவர்களுக்கு பி300 தாமதமாக வந்தது; எத்தனை வருடமாகப் பிடிக்கிறார்கள் என்பது அதைப் பாதிக்கவில்லை. தேவையற்ற ஒலிகளை ஒதுக்கும் திறனிலோ கதை தலைகீழ்: வருடங்கள் கூடக்கூட அது குறைந்தது, எவ்வளவு அடிக்கடி என்பது பொருட்டாக இல்லை. எவ்வளவு அடிக்கடி, எத்தனை வருடம் என்ற இரண்டையும் ஒன்றாகக் குழப்பாமல் தனித்தனியாகப் பார்த்ததற்காகவே இந்த ஆய்வு எனக்குப் பிடிக்கும். சிறிய ஆய்வுதான். அதற்கப்புறம் வந்த பி300 ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல இல்லை.

கடைசியாகப் பிடித்து எவ்வளவு நேரமானவரை அளக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

நேற்று இரவு பிடித்தவரை இன்று காலை அளந்தால், மிச்சமிருக்கும் டிஎச்சியின் விளைவும் அளவில் வரும். சரி, ஒரு வாரம் நிறுத்தச் சொல்லி அளக்கலாம் என்றால், அப்போதுதான் விலகல் தொந்தரவுகள் உச்சத்தில் இருக்கும்: தூக்கமின்மை, எரிச்சல், பசியின்மை, பதற்றம். தூங்காதவரின் மூளை எந்த ஸ்கேனிலும் மந்தமாகத்தான் தெரியும். சிலருக்கு இது இரண்டு வாரத்துக்கு மேலும் நீளும். ஒரு மாதம் காத்திருந்தால் இரண்டும் தணிந்துவிடும். ஆனால் தினமும் பிடிக்கும் ஒருவரை ஒரு மாதம் நிறுத்தவைத்து, நிறுத்தியிருக்கிறாரா என்று கண்காணிப்பது எளிதா? நிறுத்த முடிந்தவர்கள் மட்டுமே ஆய்வில் எஞ்சுவார்கள். அவர்கள் லேசான பாதிப்புள்ளவர்களாக இருக்கலாம்.

சிறுநீர்ச் சோதனையும் முழு உதவி செய்யாது. டிஎச்சி கொழுப்பில் கரைந்து உடலில் தங்கி மெல்ல மெல்ல வெளியேறுவதால், தீவிரப் பயனருக்கு நிறுத்திப் பல வாரங்கள் ஆன பிறகும் சோதனையில் தெரியும். "நேற்று பிடித்தார்" என்பதையும் "போன மாதம்வரை பிடித்தார்" என்பதையும் ஒரு தடவைச் சோதனை பிரித்துச் சொல்லாது.

இந்த இடைவெளி முடிவையே புரட்டிப்போடும். பதின்வயதினரையும் இளைஞர்களையும் பற்றிய 69 ஆய்வுகளை 2018-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பயனர்களின் சிந்தனைத் திறன் சற்றுக் குறைவாக இருந்தது. 72 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தியவர்களிடம் செய்த ஆய்வுகளை மட்டும் எடுத்தபோது, அந்தச் சிறிய வேறுபாடும் பொருட்படுத்தும் அளவில் இல்லை.

பெரிய எஃப்எம்ஆர்ஐ ஆய்வு ஒன்றைச் சொல்ல முடியுமா?

2025 ஜனவரியில் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டது. 22 முதல் 36 வயதுவரை 1,003 பேர். அவர்களில் 88 பேர் 1,000 தடவைக்கு மேல் பிடித்த தீவிரப் பயனர்கள், 179 பேர் நடுத்தரம், மீதி 736 பேர் பத்துத் தடவைகூடத் தொடாதவர்கள். ஸ்கேனருக்குள் நினைவு, வெகுமதி, உணர்ச்சி, மொழி, உடலசைவு என ஏழு வகை வேலைகள் கொடுத்தார்கள்.

ஏழில் ஒன்றில்தான் தெளிவான வேறுபாடு வந்தது: செயல்நினைவு. ஒரு தகவலைத் தலையில் வைத்துக்கொண்டே அதை வைத்து வேலை செய்யும் திறன் அது. ஒரு எண்ணைக் கேட்டு மனத்துக்குள் தலைகீழாகச் சொல்லிப் பார்ப்பது போல. தீவிரப் பயனர்களிடம் அந்த நேரத்தில் முன்நெற்றிப் புறணியின் சில பகுதிகளிலும், மூளையின் உள்மடிப்பான இன்சுலாவின் முன்பக்கத்திலும் செயல்பாடு குறைவாக இருந்தது. சிறுநீரில் டிஎச்சி தெரிந்தவர்களை நீக்கிவிட்டுப் பார்த்தபோதும் அது மறையவில்லை. அதனால் இது நேற்றைய போதையின் மிச்சம் மட்டும் என்று தள்ளிவிட முடியாது.

இதைப் பற்றிய செய்திகளில் 63 சதவீதம் என்ற எண் அடிபட்டது. தீவிரப் பயனர்களில் அத்தனை பேரிடம் செயல்பாடு குறைவாக இருந்தது என்பதே அதன் பொருள். மூளை 63 சதவீதம் மந்தமாகிவிட்டது என்று படித்துவிடக் கூடாது. வேறுபாட்டின் அளவைப் புள்ளியியல் அலகில் 0.28 என்று கணக்கிட்டார்கள். இரண்டு குழுக்களின் வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஏறக்குறைய 89 சதவீதம் ஒன்றையொன்று மூடிக்கொள்ளும். வேறுபாடு உண்மை. ஆனால் சிறியது.

செயல்பாடு குறைந்தால் மூளை பழுதாகிவிட்டது என்றுதானே பொருள்?

அப்படி இல்லை. சிறிய ஆய்வுகள் பலவற்றில் பயனர்களிடம் செயல்பாடு கூடுதலாக இருந்தது. அங்கே "அதே வேலைக்கு மூளை அதிகம் பாடுபடுகிறது" என்று விளக்கினார்கள். குறைந்தால் பாதிப்பு, கூடினால் ஈடுகட்டும் முயற்சி! எது வந்தாலும் பாதிப்பு என்று சொல்ல முடிகிற விளக்கம் எதையும் விளக்கவில்லை. நன்றாகப் பழகிய வேலையை மூளை குறைந்த செலவில் முடிப்பதும் உண்டு.

அதனால் ஸ்கேன் படத்தோடு, அந்த வேலையில் அவர் எத்தனை மதிப்பெண் எடுத்தார் என்பதையும் கேளுங்கள். செயல்பாடும் குறைந்து மதிப்பெண்ணும் குறைந்தால் கவலைப்பட இடமுண்டு. படம் மட்டும் மாறியிருந்தால், மூளை வேறு வழியில் அதே இடத்துக்குப் போயிருக்கலாம்.

ஏற்பிகள் குறைந்துவிடுகின்றனவாமே? திரும்பி வருமா?

இந்தக் கேள்விக்குத்தான் இந்தத் துறையில் தெளிவான பதில் இருக்கிறது. தினமும் புகைக்கும் 30 பேரை வைத்து 2012-இல் வந்த பெட் ஆய்வில், மூளைப் புறணியில் சிபி1 ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. எத்தனை வருடம் புகைத்தார்களோ அதற்கேற்ப இறக்கமும் கூடியது. பிறகு அவர்களில் ஒரு பகுதியினரை, வெளியிலிருந்து எதுவும் உள்ளே வர முடியாத ஆய்வு மையத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் தங்கவைத்து மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். ஏற்பிகள் பழைய நிலைக்கு வந்திருந்தன.

2016-இல் வேறொரு குழு, அடிமை நிலையிலுள்ள ஆண்களிடம், நிறுத்திய இரண்டாவது நாளிலேயே மீட்சி தொடங்கிவிடுகிறது என்று காட்டியது. மேலே சொன்ன கொலராடோ வேறுபாடு ஏற்பிக் குறைவால் மட்டும் வந்திருந்தால், அதுவும் சில வாரங்களில் மறைய வேண்டும். ஒரே ஆட்களை நிறுத்தும் முன்னும் பின்னும் அளந்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும்.

கஞ்சா மூளையைச் சுருக்கிவிடும் என்கிறார்களே?

பழைய பயம். 1971-இல் பிரிட்டனில் பத்து நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு அப்படிச் சொன்னது. முதுகுத்தண்டு நீரை எடுத்துக் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும், வேதனையான பழைய முறை அது. அந்த நோயாளிகள் பலர் வேறு போதைப்பொருள்களையும் எடுத்தவர்கள். 1977-இல் சிடி ஸ்கேன் வைத்து வந்த இரண்டு ஆய்வுகளில் சுருக்கம் எதுவும் தெரியவில்லை.

2014-இல் இன்னொரு சுற்று நடந்தது. பயனர்கள் 20 பேரை மற்ற 20 பேரோடு ஒப்பிட்டு, சில பகுதிகளின் வடிவம் மாறியிருப்பதாகச் சொன்னார்கள். அடுத்த ஆண்டே வேறொரு குழு, மது அருந்தும் அளவு முதலியவற்றில் இரண்டு பக்கமும் பொருந்துகிறவர்களாகத் தேர்ந்தெடுத்துப் பார்த்தது. தினசரிப் பயனர்களிடம் அந்த வேறுபாடு இல்லை.

ஐக்யூ எட்டுப் புள்ளி குறையும் என்பது எங்கிருந்து வந்தது?

நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972, 73-இல் பிறந்த 1,037 பேரைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து வரும் ஆய்வு அது. கஞ்சாவைத் தொடும் முன்பே, சிறுவயதிலேயே ஐக்யூ அளந்துவிட்டார்கள். பிறகு 38 வயதில் மறுபடி அளந்தார்கள். பதின்வயதில் தொடங்கி, பல வருடம் அடிமை நிலையில் நீடித்தவர்களுக்குச் சராசரியாக எட்டுப் புள்ளி இறங்கியிருந்தது. வளர்ந்த பிறகு தொடங்கியவர்களிடம் அப்படி இல்லை. 2012-இல் வெளியானது.

2016-இல் இரட்டையர்களை வைத்து வந்த ஆய்வு குறுக்கே நின்றது. ஒருவர் கஞ்சா பிடித்து மற்றவர் பிடிக்காத இரட்டையரிடம், இருவருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி இறக்கம். குடும்பமும் சூழலும் மரபணுவும் பொதுவானவை என்பதால், பழி முழுவதும் கஞ்சாவின் மேல் விழாது. ஆனால் இரட்டையர்களை அளந்தது பதின்வயது முடியும் கட்டத்தில். டனிடினில் இருபது வருடத்துக்கு மேலான பழக்கம் கணக்கில் வருகிறது. இரண்டு ஆய்வும் சரியாகவே இருக்கலாம்.

பதின்வயது மூளைக்கு மட்டும் ஏன் தனி எச்சரிக்கை?

முன்நெற்றிப் புறணி இருபதுகளின் நடுப்பகுதிவரை உருவாகிக்கொண்டே இருக்கும். தேவையற்ற இணைப்புகளைக் கத்தரித்து, புறணி இயல்பாகவே மெலியும் பருவம் அது. ஐரோப்பாவில் 799 பேரை, கஞ்சாவையே தொடாத 14 வயதில் ஒருமுறையும் 19 வயதையொட்டி ஒருமுறையும் ஸ்கேன் செய்தார்கள். முடிவு 2021-இல் வந்தது. இடையில் பழகியவர்களிடம் முன்நெற்றிப் புறணி கூடுதல் வேகத்தில் மெலிந்திருந்தது. அதிகம் பிடித்தவருக்கு அதிகம். 14 வயதில் புறணி மெல்லியதாக இருந்தவர்கள்தான் பிறகு பழகினார்கள் என்பதற்கும் அறிகுறி இல்லை. மெலிந்த இடங்கள், சிபி1 அதிகமுள்ள இடங்களோடு பொருந்தின. பதின்வயதினரைப் பற்றி எனக்குக் கவலை தந்த ஆய்வு இது. முதலிலேயே அளந்துவிட்டார்கள் என்பதுதான் இதன் பலம்.

விலங்குகளிடம் சோதித்தால் குழப்பம் இருக்காதே?

யாருக்கு டிஎச்சி, யாருக்கு இல்லை என்று சீட்டுப் போட்டு முடிவு செய்யலாம் என்பது பெரிய வசதி. ஆனால் எலிக்கு ஊசியில் போகும் அளவும் மனிதர் புகைக்கும் முறையும் வேறு.

ஸ்கேன் பார்த்து ஒருவர் கஞ்சா பிடிக்கிறவரா என்று சொல்ல முடியுமா?

நீண்டகாலப் பழக்கத்தை முடியாது. மேலே சொன்ன 89 சதவீதம்தான் காரணம். தற்போதைய போதையை ஓரளவு சொல்லலாம். நெற்றியில் ஒளி பாய்ச்சி இரத்த ஆக்சிஜனைப் பார்க்கும் ஒரு முறையில், டிஎச்சியால் தடுமாறுகிறவரை ஏறக்குறைய 76 சதவீதத் துல்லியத்தோடு அடையாளம் காண முடிந்ததாக 2022-இல் ஓர் ஆய்வு சொன்னது. நான்கில் ஒரு தடவை தவறும் கருவியை வைத்து யாருக்கும் அபராதம் போட முடியாது.

பல வருடப் பழக்கம் இருக்கிறது. நான் ஸ்கேன் எடுத்துப் பார்க்கவா?

வேண்டாம். இந்த ஆய்வுகள் எல்லாம் குழுக்களின் சராசரியைப் பேசுகின்றன. உங்கள் ஒருவரின் படத்தில் மருத்துவரால் எதையும் பிரித்தறிய முடியாது. மறதியோ கவனக்குறைவோ தொல்லை தந்தால், நரம்பியல் உளவியலாளர் செய்யும் நினைவு, கவனச் சோதனைகள் அதைவிட உபயோகமானவை. நிறுத்தி ஒரு மாதம் கழித்து மறுபடி அதே சோதனை செய்தால் உங்களையே உங்களோடு ஒப்பிடலாம். நிறுத்தும்போது தூக்கம் கெடும். அதைச் சமாளிக்க மருத்துவர் உதவுவார். இல்லாத குரல் கேட்பது, யாரோ பின்தொடர்வதாகத் தோன்றுவது போன்றவை இருந்தால் காத்திருக்காமல் உடனே போங்கள்.

செய்தியில் மூளைப் படம் போட்டு "கஞ்சா பாதிப்பு" என்று வந்தால்?

எத்தனை பேரை அளந்தார்கள் என்று முதலில் பாருங்கள். 2009-இல் சிலர் செத்த சால்மன் மீனை எஃப்எம்ஆர்ஐக்குள் வைத்து மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். வழக்கமான கணக்கைக் கவனமில்லாமல் போட்டால், மீனின் மூளையில் "செயல்பாடு" தெரிந்தது. ஆயிரக்கணக்கான புள்ளிகளில் தேடினால் தற்செயலாகவே சில ஒளிரும் என்று காட்டத்தான் அப்படிச் செய்தார்கள். மூளைப் படத்தையும் மனிதரின் நடத்தையையும் நம்பகமாக இணைக்க ஆயிரக்கணக்கான ஆட்கள் தேவை என்று 2022-இல் வந்த ஒரு பெரிய ஆய்வும் சொல்கிறது. 20 பேர் ஆய்வு ஒரு யோசனையைத் தரும், அவ்வளவுதான்.

அடுத்து எந்த ஆய்வை எதிர்பார்க்கலாம்?

அமெரிக்காவில் 21 மையங்களில், 9, 10 வயதில் சேர்க்கப்பட்ட ஏறக்குறைய 11,880 பிள்ளைகளைப் பத்து வருடம் பின்தொடரும் ஏபிசிடி என்ற ஆய்வு. யார் பிறகு கஞ்சா பிடிப்பார் என்று யாருக்கும் தெரியாத வயதிலேயே முதல் ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் இரட்டையர்களும் நிறைய இருக்கிறார்கள். டனிடின் ஆய்வும் இரட்டையர் ஆய்வும் முட்டிக்கொண்ட இடத்தில், ஒரே ஆட்களை வைத்து இரண்டு கேள்வியையும் கேட்க முடியும்.